அவனுக்கென்ன தெரியும்?

நமது கொங்கு நாட்டில் கோயமுத்தூரானாலும் ஈரோடானாலும், பல்லடம் பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமமானாலும், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் பத்துப் பேர் கூடிய இடத்தில் ஒரு பொது விஷயத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல ஆரம்பித்தால், அவர் சொல்லுவது சரியா தப்பா என்று யோசிப்பதற்கு முன்பே ஒரு வார்த்தை புறப்பட்டு விடுகின்றது. "அவனுக்கென்னங்க தெரியும்?" என்பதே அது.

இந்த வார்த்தை கேள்வி போலக் காணப்பட்டாலும் கேட்பவருக்குப் பதில் வேண்டியதில்லை. பதில் வேண்டியிருந்தால், அந்த மனிதர் பேசி முடிக்கும் வரையாவது காத்திருப்பாரல்லவா? ஆகவே இது விசாரணையில்லாமல், சாட்சியில்லாமல், பிறப்பை மாத்திரம் பார்த்து எழுதிய தீர்ப்பேயாகும். தெருவில் நடக்காதே, கிணற்றில் இறங்காதே என்பது உடம்பைத் தள்ளி வைத்த தீண்டாமை. அதை ஒழித்ததாக 1950ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17வது பிரிவாவது சொல்லுகின்றது. "அவனுக்கென்ன தெரியும்" என்பது அறிவைத் தள்ளி வைத்த தீண்டாமை. இதற்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை. ஆதலால் சட்டத்துக்குப் பயந்து முன்னதை விட்டுவிட்ட யோக்கியர்கள்கூடப் பின்னதைத் தாராளமாய் அனுஷ்டித்து வருகின்றார்கள்.

இது நம் ஊர்க்காரரைப் பற்றி மாத்திரம் சொல்லப்படுவதல்ல. திருப்பூர் காதர்பேட்டைக்குப் பனியன் சரக்கு வாங்க நைஜீரியா முதலிய ஆப்பிரிக்க தேசங்களிலிருந்து வியாபாரிகள் வந்து போவது அவ்வூரார் பல வருஷங்களாய்க் கண்ட காட்சி. அவர்களைப் பற்றி டீக்கடை பெஞ்சியில் நடக்கும் பேச்சைக் கேட்டால் வெட்கமாயிருக்கின்றது. காட்டு ஜனங்களாம், ஆட்டம், பாட்டம், சண்டை இவற்றைத் தவிர வேறொன்றும் அறியாதவர்களாம். ஆனால் அந்த மனிதரோ தம் நாட்டு நாணயம், டாலர், நம் ரூபாய் ஆகிய மூன்றின் கணக்கையும் மனதில் வைத்துக்கொண்டு, துணியைத் தொட்டுப் பார்த்து, தையலைத் திருப்பிப் பார்த்து, கப்பல் கூலியையும் சேர்த்துப் பேரம் பேசுகின்றார். அவரோடு பேரம் பேசி விலையில் தோற்றுப்போன நம்மவரே வெளியில் வந்து "அவனுக்கென்ன தெரியும்?" என்கின்றார். இதைவிட வேடிக்கை வேறென்ன இருக்கின்றது?

அன்றியும், இதே வார்த்தையை வெள்ளைக்காரன் நம்மைப் பார்த்துச் சொல்லவில்லையா? 1860ல் சென்னையிலிருந்து முதல் கப்பலில் நம் மக்கள் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனார்கள். அதற்குப் பிறகு அங்கே போன இந்தியர் எவரானாலும் வெள்ளைக்காரனுக்குக் கூலிதான். கடை வைத்தவர் கூலி வியாபாரி. 1893ல் போய் இறங்கிய காந்தியார் கூலி பாரிஸ்டர். பாரிஸ்டர் பரீட்சை தேறி வந்தவருக்கும் மண்வெட்டியைத் தவிர என்ன தெரிந்திருக்கப் போகின்றது என்பதுதானே அதன் கருத்து? அதைக் கேட்டு நமக்கு ஆத்திரம் வந்தது நியாயமானால், அதே வார்த்தையை நாம் கறுப்பு மனிதனைப் பார்த்தும் சேரி மனிதனைப் பார்த்தும் சொல்லுவது எப்படி நியாயமாகும்?

இனி, இந்தத் தீர்ப்பு எப்படி உற்பத்தி செய்யப்படுகின்றது என்று பார்ப்போம். அதற்கு இரண்டு படிகள் உண்டு. முதல் படி, படிக்கக்கூடாது என்று தடுப்பது. இரண்டாவது படி, படிக்கத் தெரியாதவன் என்று ஏளனம் செய்வது. வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று கௌதம தர்ம சூத்திரம் சொல்லிற்று. அமெரிக்காவில் தென் கரோலினா என்னும் பிரதேசத்தில் 1740ல் செய்த சட்டம், கறுப்பு அடிமைக்கு எழுதக் கற்றுக் கொடுப்பவனுக்கு 100 பவுன் அபராதம் என்றது. கடலுக்கு இந்தப் புறம் ஈயம். அந்தப் புறம் அபராதம். ஒருவரையொருவர் கண்டிராத இந்த இரண்டு கூட்டத்தாருக்கும் எப்படி ஒரே புத்தி உண்டாயிற்று? கடவுள் சொன்னதாலா? பிறர் உழைப்பில் வயிறு வளர்க்க வேண்டுமானால் அந்தப் பிறருக்கு அறிவு வரக்கூடாது என்பது இரண்டு பேருக்கும் ஒன்றுபோலவே தெரிந்திருந்தது. அவ்வளவே.

அந்தத் தடையையும் தாண்டி ஒருவர் கற்றுக்கொண்டு விட்டால் என்ன செய்தார்கள்? பில்லிஸ் வீட்லி என்னும் பெண்ணைச் சிறு குழந்தையாக ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்து 1761ல் பாஸ்டன் நகரத்தில் விற்றார்கள். அந்தப் பெண் இங்கிலீஷ் கற்றுக் கவிதை எழுதிற்று. 1773ல் அது புத்தகமாய் வெளிவந்தபோது, இதை இந்தப் பெண்தான் எழுதினாள் என்று ஊரின் கவர்னர் உள்பட 18 பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போட்ட அத்தாட்சி அதில் அச்சிடப்பட்டது. வெள்ளைக்காரக் கவிகளில் எத்தனை பேர் இப்படி 18 பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொண்டு கவி பாடினார்கள் என்று கேட்கின்றோம். இவ்வளவுக்குப் பிறகும், மனிதரெல்லாம் சமமாய்ப் படைக்கப்பட்டவர் என்று சுதந்திரப் பிரகடனம் எழுதிய ஜெபர்சன் என்பவரே அந்தக் கவிதைகள் விமரிசனம் செய்யக்கூடத் தகுதியற்றவை என்று எழுதினார். 1791ல் பெஞ்சமின் பன்னேகர் என்ற கறுப்பர், சூரிய சந்திர கதிகளைத் தாமே கணக்கிட்டுப் பஞ்சாங்கம் தயாரித்து, அதை அதே ஜெபர்சனுக்கு அனுப்பி, கூடவே ஒரு கடிதமும் எழுதினார். சமத்துவம் எழுதிய கையால் அடிமைகளை வைத்திருப்பது எப்படி என்பதே அக்கடிதத்தின் சாரம். கறுப்பருக்கு வானம் தெரியாது என்றவர்களுக்கு வானமும் தெரிந்தது, அவர்களுடைய புரட்டும் தெரிந்தது என்று காட்டிவிட்டார்.

இவையெல்லாம் எதிரிகள் செய்தவை. நண்பர்கள் செய்ததைக் கேட்டால்தான் நமக்கு உறைக்கும். பிரடெரிக் டக்ளஸ் என்னும் கறுப்பர் 1838ல் அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடி வந்தார். 1841 முதல் அடிமை ஒழிப்புச் சங்கத்தாரின் மேடைகளில் பேசினார். ஆரம்பத்தில் தாம் பட்ட அடிகளையும் கண்ட கொடுமைகளையும் சொன்னார். ஜனங்கள் அழுதார்கள். சில காலம் சென்றதும், அடிமைத்தனம் ஏன் உண்டாயிற்று, அதன் நியாயம் என்ன, சட்டம் என்ன என்று வாதம் செய்யத் தொடங்கினார். உடனே அவருடைய வெள்ளை நண்பர்களுக்குச் சங்கடமாய்ப் போயிற்று. நடந்த சங்கதிகளை நீர் சொல்லும், தத்துவத்தை நாங்கள் பார்த்துக் கொள்ளுகிறோம் என்றார்கள். அவ்வளவு சுத்தமாய்ப் பேச வேண்டாம், தோட்டத்து அடிமைப் பேச்சு கொஞ்சம் இருக்கட்டும், இல்லாவிட்டால் நீர் அடிமையாயிருந்தவரென்று ஒருவரும் நம்பமாட்டார் என்றும் புத்தி சொன்னார்கள். அவர்கள் சொன்னபடியே சில ஜனங்களும் சந்தேகப்பட்டார்கள். அதனால் அவர் 1845ல் தம் சரித்திரத்தை, தம்மை வைத்திருந்த எஜமானர் பெயரோடு புத்தகமாய் எழுதி வெளியிட வேண்டியதாயிற்று. அந்த எஜமானன் பிடித்துக்கொண்டு போய்விடுவான் என்ற பயத்தால் கடல் கடந்து போகவும் நேர்ந்தது. பார்த்தீர்களா தோழர்களே! பகைவன் அவர் வாயை மூடப் பார்த்தான். நண்பனோ எதைப் பற்றி வாய் திறக்கலாம் என்று ஜாப்தா எழுதிக் கொடுத்தான்.

நிற்க, நம் கோயமுத்தூருக்கு வருவோம். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் இந்த ஊர்க் காலேஜில் படித்தவர். அப்போது அங்கிருந்த சுமார் 400 மாணவர்களில் 10 பேர் போக மற்றவர் பார்ப்பனர் என்று தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் எழுதியிருக்கின்றார். தம் ஜாதி தெரிந்துவிட்டால் என்ன நேருமோ என்று அஞ்சி, மற்றப் பிள்ளைகளோடு கலந்து பேசாமலும் விளையாடாமலும், வகுப்புத் தொடங்கும் வரை வெளியே இருந்து படித்துவிட்டு, விட்டதும் வீட்டுக்கு ஓடினார். அந்தப் பிள்ளைகளிடம் போய் அந்தப் பையனைப் பற்றிக் கேட்டிருந்தால், அவனுக்கென்ன தெரியும், வாயே திறக்கமாட்டான் என்றுதான் சொல்லியிருப்பார்கள். வாய் திறக்க முடியாதபடி செய்தது யார் என்பதை மாத்திரம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த வாய் பின்பு என்ன பேசிற்று? 1893ல், எந்தப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ அந்தப் பெயரையே வைத்து, "பறையன்" என்று ஒரு பத்திரிகை நடத்திற்று. கூழுக்கும் குடிசைக்கும் மாத்திரம் அவர் விண்ணப்பம் போடுவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்து போனார்கள். ஐ.சி.எஸ். பரீட்சையை இந்தியாவிலும் நடத்த வேண்டுமென்று காங்கிரஸார் கேட்டபோது, அப்படியானால் அதிகாரம் யார் கைக்குப் போகும் என்று கேட்டு, 3412 பேர் கையெழுத்திட்ட 112 அடி நீளமுள்ள விண்ணப்பத்தை லண்டன் பார்லிமெண்டுக்கு அனுப்பினார். அவர் கொண்ட முடிவைப் பற்றி இன்றைக்கும் வாதம் செய்யலாம். ஆனால் ராஜ்ய நிர்வாகத்தைப் பற்றி அபிப்பிராயம் கொள்ளச் சேரிக்கு உரிமையும் அறிவும் உண்டு என்பதைப் பற்றி வாதமே இல்லாமல் செய்துவிட்டார். பிறகு தென்னாப்பிரிக்கா சென்று நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராயிருந்தார். திரும்பி வந்து 1924ல் சென்னைச் சட்டசபையில் பொதுத் தெரு, கிணறு, குளம், ஆபீசு யாவும் எல்லோருக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1930ல் அம்பேத்கர் அவர்களோடு லண்டன் வட்டமேஜை மகாநாட்டில் அமர்ந்தார்.

படித்தவர் சங்கதி இருக்கட்டும், படிக்காதவருக்கு என்ன தெரியும் என்று சில பண்ணாடிகள் கேட்கலாம். சொல்லுகின்றோம். நமது செம்மண் காட்டில் கிணறுகள் ஆழமானவை. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து, அதற்குப் பிறகு வரவர மோட்டார் பரவும் வரையில் இந்தப் பூமிக்கு நீர் பாய்ச்சியது கவலை ஏற்றம். அந்தப் பறியின் தோல் வாலைத் தைத்தவர் யார்? மாதாரி என்று நீங்கள் அழைத்த அருந்ததியர். பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊற வைத்து மயிர் களைவது, ஆவாரம்பட்டைச் சாற்றில் எத்தனை நாள் போட்டால் அழுகாது, எவ்வளவு எண்ணெய் கொடுத்தால் வெடிக்காது என்று அறிவது, இதெல்லாம் காலேஜில் சொன்னால் ரசாயன சாஸ்திரம். சேரியில் செய்தால் ஈனத் தொழில். அவர் தையல் பிசகினால் பாதித் தண்ணீர் திரும்பக் கிணற்றிலேயே விழும்; மாடு இளைக்கும்; பயிர் காயும். அவர் அறிவின்மேல் உங்கள் வெள்ளாமை நின்றது. அப்படியிருந்தும் களத்து மேட்டில் அவர் ஒரு யோசனை சொன்னால், "உனக்கென்னடா தெரியும், போய் வேலையைப் பார்" என்பதே நீங்கள் கொடுத்த மரியாதை.

சங்கீத சபைக்குப் போனாலும் இதே கதிதான். மிருதங்கத்தின் தோலைத் தேர்ந்து, வார் இழுத்துக் கட்டி, கறுப்புப் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாய் அப்பித் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பவர்களில் மிகுதியானவர்கள் தாழ்த்தப்பட்ட வகுப்பார் என்பதை டி.எம். கிருஷ்ணா அவர்கள் 2020ல் ஒரு புத்தகமாகவே எழுதியிருக்கின்றார். சுருதியைக் காதால் பிடித்துத் தோலில் ஏற்றுகின்றவருக்குச் சங்கீதம் தெரியாதாம்! அதைத் தொடையில் வைத்துத் தட்டுகிறவருக்கு மாத்திரம் தெரியுமாம்! தோலைத் தொட்டவன் தீட்டு, தோலைத் தட்டியவன் வித்துவான் என்பது எந்தப் பகுத்தறிவில் அடங்கும்?

இந்த எண்ணம் வெறும் பேச்சோடு நிற்பதாயிருந்தால் இவ்வளவு எழுதவேண்டியதில்லை. இது சட்டமாகவும், சோறாகவும், உத்தியோகமாகவும் மாறுகின்றது. 1953ல் ஆச்சாரியார் கிராமப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் தகப்பன் தொழில் என்று திட்டம் போட்டாரே, அதன் பொருள் என்ன? செருப்புத் தைப்பவன் மகனுக்குத் தெரிய வேண்டியது செருப்பு என்பதுதானே? நமது இயக்கம் அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி எதிர்த்தது. 1954ல் ஆச்சாரியாரும் போனார், காமராசர் ஆட்சியில் திட்டமும் போயிற்று. ஆனால் எண்ணம் போயிற்றா? 2018ல் அவிநாசிக்குப் பக்கத்தில் திருமலைக்கவுண்டன்பாளையத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு அருந்ததியப் பெண்மணி சத்துணவு சமைக்கக்கூடாது என்று ஊரார் திரண்டு போய்த் தடுத்தார்களே, அது எந்த யுகத்துச் சங்கதி? அருந்ததியருக்கு 2009ல் 3 சதவிகித உள் ஒதுக்கீடு கொடுத்தபோதும் தகுதி, திறமை என்ற பழைய பல்லவி கேட்கவில்லையா? அப்படிப் பிரித்துக் கொடுப்பது செல்லும் என்று 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு பெரும்பான்மையாய்த் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கோர்ட்டுக்கு விளங்கியது டீக்கடை பெஞ்சிக்கு விளங்கவில்லை.

இவ்வளவும் பிறரைக் கண்டித்துச் சொன்னது. இனி நம்மையே கேட்டுக் கொள்ளுவோம். நமது இயக்கக் கூட்டங்களிலும், நம்மோடு உறவு கொண்டாடும் மற்ற முற்போக்குக் கட்சிகளின் கூட்டங்களிலும், தாழ்த்தப்பட்ட தோழர் ஒருவரைப் பேச அழைத்தால் எதைப் பற்றிப் பேச அழைக்கின்றோம்? தீண்டாமையைப் பற்றி. எப்போது அழைக்கின்றோம்? ஏப்ரல் 14ந் தேதி. பண நெருக்கடியைப் பற்றி, மில் தொழிலைப் பற்றி, பொது சுகாதாரத்தைப் பற்றி, நாஸ்திகத்தைப் பற்றிப் பேச வேறு ஆட்கள் நம்மிடம் இருக்கின்றார்கள். அவர் பட்டதை அவர் சொல்லட்டும், தத்துவத்தை நாம் பார்த்துக் கொள்ளலாம் என்பதுதானே நம் ஏற்பாடும்? டக்ளஸுக்கு அவருடைய நண்பர்கள் கொடுத்த ஜாப்தாவுக்கும் நாம் கொடுக்கும் ஜாப்தாவுக்கும் என்ன வித்தியாசம்?

அம்பேத்கர் அவர்களையே எடுத்துக் கொள்ளுங்கள். அவர் 1923ல் லண்டனில் வெளியிட்ட புத்தகம் ரூபாய் நாணயத்தின் பிரச்சினையைப் பற்றியது. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகசபையில் தொழிலாளர் இலாகாவை நடத்தி, அணை, மின்சாரம், தொழிலாளர் நலம் ஆகியவற்றைப் பற்றித் திட்டம் போட்டார். ரூபாயைப் பற்றியும் ஆற்று நீரைப் பற்றியும் பேசிய அந்த மேதையை நாம் என்ன செய்திருக்கின்றோம்? சேரி முனையில் கம்பிக் கூண்டுக்குள் நிற்க வைத்து, அது அவர்கள் தலைவர் என்று சொல்லிவிட்டு நடக்கின்றோம். கூண்டு சிலைக்கு மாத்திரமா? அவர் அறிவுக்கும் சேர்த்துத்தான்.

ஒருவர் பட்ட கஷ்டத்தை அவரே சொல்லுவதுதானே நியாயம், மற்றவர் சொன்னால் போலியாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயந்தான். அவர் கஷ்டத்தை அவரே சொல்லட்டும், நன்றாய்ச் சொல்லட்டும். அதோடு வாசலை அடைத்துவிடாதீர் என்பதே நாம் சொல்லுவது. கவுண்டர் வீட்டுப் பிள்ளை தன் குலத்தைப் பற்றி மட்டுமா பேசுகின்றான்? பார்ப்பனர் அக்கிரகாரத்தைப் பற்றி மட்டுமா பேசுகின்றார்? உலகத்திலுள்ள சகல விஷயங்களும் அவர்களுக்குச் சொந்தம், இவருக்கு மட்டும் இவர் காயம் சொந்தம் என்பது எந்த ஊர்ப் பங்கீடு?

வேறு சிலர் புகழ்ந்து பேசித் தப்பிக்கப் பார்ப்பார்கள். கறுப்பருக்குப் பாட்டும் ஓட்டமும் பிறவியிலேயே உண்டாம். சேரியாருக்குப் பறையும் ஆட்டமும் ரத்தத்திலேயே உண்டாம். கேட்கக் காதுக்கு இனிமைதான். ஆனால் பிறவி, ரத்தம் என்று வந்த உடனேயே வருணாசிரமம் வந்துவிட்டது என்று அர்த்தம். மாலை போட்டாலும் வேலி வேலிதான்.

ஆகையால் தோழர்களே! நாம் கேட்டுக்கொள்ளுவது சிறிய காரியம். உங்கள் ஊரில் அடுத்த கூட்டம் போடும்போது, இத்தனை நாள் தீண்டாமையைப் பற்றி மட்டும் பேச அழைத்த அந்தத் தோழரிடம் போய், "நீங்கள் எதைப் பற்றிப் பேச விரும்புகின்றீர்கள்?" என்று கேளுங்கள். அவர் கிரகணத்தைப் பற்றிச் சொன்னாலும், வட்டிக் கணக்கைப் பற்றிச் சொன்னாலும், பஞ்சாயத்து வரவு செலவைப் பற்றிச் சொன்னாலும் முன் வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். தப்பாய்ச் சொன்னால் தாராளமாய் மறுத்துப் பேசுங்கள். நமக்குச் சமமானவரோடுதான் நாம் வாதாடுவோம்; ஆதலால் மறுப்பதும் ஒரு மரியாதையே. பேசுமுன்பே தீர்ப்புச் சொல்லுவதுதான் அவமரியாதை.

அவனுக்கென்ன தெரியும் என்று இனி எவராவது உங்கள் எதிரில் சொன்னால், "கேட்டுப் பார்த்தீரா?" என்று அந்த இடத்திலேயே கேட்டுவிடுங்கள். பார்ப்பான் நம்மைச் சூத்திரன் என்று சொன்னபோது நாம் ரோஷப்பட்டது உண்மையானால், இந்த ஒரு வார்த்தையைக் கேட்க நமக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.